மீண்டும் மோர்ஸ்

(சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் வாசிக்கலாம்.)

சென்ற மாதம் என் மேசையின் படமொன்றைப் பகிர்ந்தபோது, நூற்குவியலின் ஓரத்தில் இருந்த பித்தளைக் கருவி என்னவென்று ஆய்வு மாணவர்கள் சிலர் வினவியிருந்தனர். மோர்ஸ் கீ என்று பதிலிட்டேன். தந்திச் சேவையைத்தான் 2013 ஜூலையிலேயே மூடிவிட்டார்களே, இனி அது எதற்கு என்ற அடுத்த வினா உடனே வந்தது. அவ்வினாவுக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலவில்லை.

முதலில் ஒரு தெளிவு. தந்தியும் மோர்ஸும் ஒன்றல்ல. தந்தி அலுவலகங்களில் தொலையச்சுப் பொறி நுழைந்தபோதே மோர்ஸின் ஒலி அங்கே ஒடுங்கத் தொடங்கிவிட்டது. சேவை மூடப்பட்ட ஆண்டில் தந்திகள் கணினி வழியாகவே சென்றுகொண்டிருந்தன. கடலில் மோர்ஸ் இன்னும் சில காலம் நீடித்தது. உலகளாவிய புதிய இடர்க்காப்பு முறை 1999 பிப்ரவரி 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் கப்பல்களிலும் அதற்கு வேலை இல்லாமற் போயிற்று. குறுகிய அலைவரிசைகளில் இயங்கும் அமெச்சூர் வானொலியாளருக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற பன்னாட்டு விதியும் 2003ஆம் ஆண்டு மாநாட்டில் தளர்த்தப்பட்டு, முடிவு அந்தந்த நாட்டிடம் விடப்பட்டது. அமெரிக்கா 2007இல் அத்தேர்வையே நீக்கியது. ஆயினும் இன்று மாலை 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளின் கீழ்விளிம்பில் ஏற்பியைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய கீச்சொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மொய்த்துக் கிடக்கும். எவரும் கட்டாயப்படுத்தாதபோது ஒரு திறன் யாரிடம் எஞ்சுகிறது என்பது சமூகவியலாளர் எவராவது எடுத்துக்கொள்ளத் தக்க ஆய்வுப் பொருள்.

தந்தையின் பணி நிமித்தம் நாங்கள் விசாகப்பட்டினத்தில் வாழ்ந்த காலத்தில், 2001இல், நான் அமெச்சூர் வானொலித் தேர்வெழுதினேன். அக்காலத்தில் இரண்டாம் நிலைச் சான்றிதழுக்கு நிமிடத்துக்கு 5 சொற்களும், முதல் நிலைக்கு 12 சொற்களும் மோர்ஸில் வாங்கவும் அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். (பிற்காலத்தில் நிலைகள் மாற்றியமைக்கப்பட்டபோது பொதுநிலைக்கு 8 சொற்கள் என்றாயிற்று, கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு மோர்ஸ் வேண்டியதில்லை.) எனக்குக் கற்பித்தவர் எங்கள் குடியிருப்பில் இருந்த, வணிகக் கப்பல்களில் வானொலி அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு தெலுங்கர். ஊரே அவரை 'மாஸ்டாரு' என்றது. நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் எனக்குப் புள்ளியும் கோடும் அச்சிட்ட அட்டவணையை ஒருநாளும் காட்டவில்லை. வாயால் 'டிட்', 'டா' என்று பாடிக் காட்டுவார். மாலை நடையின்போது எதிரே வரும் வாகனத்தின் எண்பலகையை டிட்டும் டாவுமாக அவர் வாசிக்க, அது எந்த எண் என்று நான் சொல்ல வேண்டும். அவர் வீட்டுச் சுவரில் கப்பலிலிருந்து கொணர்ந்த கடிகாரம் ஒன்று இருந்தது. அதன் முகப்பில் 15 முதல் 18 நிமிடம் வரையிலும், 45 முதல் 48 வரையிலும் சிவப்பு வண்ணம் தீட்டியிருக்கும். ஒவ்வொரு மணியிலும் அந்த மும்மூன்று நிமிடங்கள் கடலிலுள்ள எல்லாக் கப்பல்களும் 500 கிலோஹெர்ட்ஸில் தம் ஒலிபரப்பை நிறுத்தி, யாரேனும் உதவி கேட்கிறார்களா என்று செவிமடுக்க வேண்டும் என்பது விதி. உலகக் கடல் முழுவதும் ஒரே வேளையில் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது என்ற செய்தி, பதினேழு வயதில் எனக்கு எந்த இயற்பியல் பாடத்தைக் காட்டிலும் பெரிதாகத் தோன்றியது.

2006இல் மேற்படிப்புக்காக வெளியேறினேன். விடுதிகள், வாடகை அறைகள், ஆய்வேடு. ஆன்டெனா கட்ட இடமும் இல்லை, நேரமும் இல்லை. 18 ஆண்டுகள் கடந்தன.

திரும்ப வந்ததற்குக் காரணம் பொழுதுபோக்கு ஆர்வம் அன்று. மாஸ்டாருக்கு இப்போது எண்பதைக் கடந்துவிட்டது. கடந்த ஆண்டு தொலைபேசியில் அழைத்தபோது என் குரலை அவரால் பிரித்தறிய இயலவில்லை. இரண்டு மூன்று முறை உரக்கச் சொன்னேன். அவர் பொதுவாக "பாகுந்நானம்மா, பாகுந்நானு" என்று சொல்லிவிட்டு மகனிடம் கொடுத்துவிட்டார். கருவி பொருத்தியும் தொலைபேசிப் பேச்சு பிடிபடுவதில்லை என்றார் மகன். பிறகு அவரே வியப்புடன் சேர்த்துக்கொண்டார்: "ஆனால் காலை ஆறு மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்துவிடுகிறார். அங்கே யாரோடோ தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்."

இதில் மர்மம் ஏதுமில்லை. முதுமையில் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் தொடங்குகிறது. பேச்சில் சொல்லையும் சொல்லையும் வேறுபடுத்துகின்ற மெல்லிய உரசொலிகளும் வெடிப்பொலிகளும் அந்தப் பகுதியில்தான் உறைகின்றன. உயிரொலிகள் கேட்கும், மெய்யொலிகள் கரைந்துவிடும்; பேச்சு என்று தெரியும், என்ன பேச்சு என்று தெரியாது. எதிரே அமர்ந்திருந்தால் உதட்டசைவு துணைபுரியும். தொலைபேசியில் அதுவும் இல்லை. மோர்ஸுக்கோ ஒரே ஒரு சுருதி போதும். அதையும் கேட்பவர் தமக்கு உகந்த இடத்தில், 500 ஹெர்ட்ஸோ 600 ஹெர்ட்ஸோ, ஏற்பியில் அமைத்துக்கொள்ளலாம். ஒலி உண்டா இல்லையா, உண்டெனில் குறிலா நெடிலா என்பது மட்டுமே வினா. அவரிடம் எஞ்சியிருந்த செவிக்கு அந்த வாசல் இன்னும் திறந்தே இருந்தது. அவருடன் பேச வேண்டுமாயின் நான்தான் அந்த வாசலுக்குச் செல்ல வேண்டும்.

மறந்த திறனை மீட்பது பற்றி உளவியலில் பழைய ஆய்வுகள் உண்டு. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவு பற்றிய நூலில் 'சேமிப்பு' என்ற அளவையைப் புகுத்தினார். ஒன்றை முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றினாலும், மறுமுறை கற்க ஆகும் நேரம் முதன்முறையைவிடக் குறைவாயின், அந்த வேறுபாடே நினைவில் சேமிப்பாக எஞ்சியிருந்தது. தாம் முன்னர் மனனம் செய்த பைரனின் 'டான் ஹுவான்' காவியப் பத்திகளை 22 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கற்றுப் பார்த்த அவர், புதிய பத்திகளைவிடப் பழையவை சிறிதளவேனும் எளிதாக வசப்பட்டன என்று கண்டார். என் இடைவெளி அவருடையதைவிடச் சிறியது என்ற தெம்புடன் ஹெட்ஃபோனை அணிந்தேன்.

முதல்நாள் கணக்கு இது. ஈ, டி, ஏ, என், ஐ, எம் ஆகிய எழுத்துகள் தயக்கமின்றி வந்தன. இந்திய நிலையங்கள் பலவற்றின் அழைப்புக்குறி தொடங்கும் 'வி.யூ.2' (டி-டி-டி-டா, டி-டி-டா, டி-டி-டா-டா-டா) எழுத்தெழுத்தாக அன்றி ஒரு சந்தமாகவே வந்தது. 'சி.கியூ.' என்ற பொது அழைப்பும் அப்படியே. ஆனால் எஸ், எச், 5 மூன்றும் ஒரே மழைத்தூறலாயின. மூன்று டிட்டா, நான்கா, ஐந்தா? பி-யும் 6-உம், ஜே-யும் 1-உம் ஒன்றையொன்று விழுங்கின. எண்ணத் தொடங்கினால் தீர்ந்தது: மூன்றாவது டிட்டை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து கடந்துபோய்விடும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு டிட்டின் நீளம் ஒரு நொடியின் நூறில் ஆறு பங்கு. அந்த வேகத்தில் கணக்கு உதவாது. முகம் பார்த்து ஆளை அறிவதுபோல் அறிந்தாக வேண்டும்.

ஆகவேதான் லுட்விக் கோக் என்ற ஜெர்மானியர் 1930களில் வகுத்த முறை இன்றும் பயில்வோரிடம் வழங்குகிறது. மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கூட்டுவதை அவர் ஏற்கவில்லை. இரண்டே எழுத்துகளை எடுத்துக்கொண்டு, முழு வேகத்தில் கேட்டு, நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தபின் மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். ஃபேபியன் குர்ட்ஸ் என்ற ஜெர்மானிய வானொலியாளர் உருவாக்கிய இணையப் பயிற்சித் தளம் இம்முறையில் இயங்குகிறது. நாளுக்கு 20 நிமிடம், ஒருநாளும் தவறாமல் என்று வைத்துக்கொண்டேன். நாற்பது எழுத்து, எண், குறிகளையும் ஏழு வாரங்களில் கடந்தேன். முதன்முறை ஐந்து மாதமாயிற்று என்பது நினைவு. எப்பிங்ஹாஸ் கணக்கில் நல்ல சேமிப்புதான். ஒரே ஒருவரை வைத்துச் செய்த ஆய்வு என்று மறுப்பவர்களுக்கு, அவரும் ஒரே ஒருவரை வைத்துத்தான் செய்தார் என்பதை நினைவூட்டுகிறேன்.

எழுத்து வந்துவிட்டது, சொல் வரவில்லை. 13 சொல் வேகத்தில் மூன்று வாரம் நின்றேன். இந்த இடத்துக்கும் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரை உண்டு. வில்லியம் லோ பிரையன், நோபிள் ஹார்ட்டர் இருவரும் இந்தியானா மாநிலத்தில் தந்தியாளர்களை ஆராய்ந்து 1897இலும் 1899இலும் எழுதினார்கள். அனுப்பும் திறன் சீராக வளர, வாங்கும் திறன் மட்டும் இடையில் ஒரு சமவெளியில் தேங்கிப் பின்னர் எழுவதாக அவர்களின் வரைபடங்கள் காட்டின. எழுத்து நிலையிலான பழக்கம் தானியங்கியான பின்னரே சொல் நிலையிலும், அதன்பின் தொடர் நிலையிலும் பழக்கம் உருவாகிறது. தேக்கம் என்பது அடுத்த நிலைக்கான அடித்தளம் இடப்படும் காலம் என்று அவர்கள் விளக்கினார்கள். கல்வியியல் வகுப்புகளில் இன்றுவரை ஆறுதல் மொழியாகச் சொல்லப்படும் கருத்து இது. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது வீரர்களுக்கு மோர்ஸ் கற்பிக்கும் முறையை வகுத்த ஃபிரெட் கெல்லர், 1958இல் அந்தச் சமவெளியையே 'மாயத் தேக்கம்' என்று அழைத்துக் கட்டுரை எழுதினார். அப்படியொரு கட்டாயத் தேக்கம் கற்றலின் இயல்பில் இல்லை என்பது அவர் வாதம். என் மூன்று வாரங்களை வைத்து யாருக்கும் தீர்ப்பு வழங்க இயலாது. பென்சிலைக் கீழே வைத்தபின்தான் நகர்ந்தேன் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். தாளில் எழுதும்வரை ஒவ்வொரு எழுத்தும் கைக்குச் சென்று அங்கேயே முடிந்துவிடுகிறது. எழுதாமல் கேட்டபோதுதான் எழுத்துகள் தலைக்குள் காத்திருந்து சொல்லாகக் கூடின.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டென்பது என் துணிபு, மெய்ப்பிக்கச் சான்றில்லை. மோர்ஸில் டிட் ஓர் அலகு, டா மூன்று அலகு, எழுத்துக்குள் இடைவெளி ஓர் அலகு, எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு. வேகத்தை அளக்கும் 'பாரிஸ்' என்ற சொல் இடைவெளியோடு சேர்ந்து சரியாக 50 அலகு. இதைக் கண்டதும் நமக்கு மாத்திரைக் கணக்குதானே நினைவுக்கு வரும்? குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று. தொல்காப்பியம் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகக் காட்டுகிறது. கடிகாரம் இல்லாத காலத்து அளவு என்று அதை எளிதாகக் கடந்துவிடுகிறோம். கீயில் கைவைத்த பிறகு, உடம்பிலேயே உள்ள ஓர் அளவைத்தான் செவி நம்புகிறது என்று புரிகிறது. டா என்பதை இரண்டு அலகாகக் குறுக்கிவிடுவது என் கையின் பழக்கம். நெடிலை அளபெடையாக நீட்டு என்று எனக்கு நானே சொல்லித் திருத்திக்கொண்டேன்.

உரிமத்தாள் வேலைகளை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஹைதராபாத்தில் நான் வசிக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடியில், இரண்டு கைகளிலுமாகச் சேர்த்து 20 மீட்டர் செம்புக் கம்பி. நடுவில் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு மூங்கில். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரையலை டைபோல். கீழ்த்தளத்து அம்மையார் துணி உலர்த்தும் கொடியென்று எண்ணி இருமுறை பயன்படுத்திக்கொண்டார். திறன் 5 வாட், அதாவது ஒரு சிறு எல்இடி விளக்கு எரியும் அளவு. அந்த எல்இடி விளக்குகள்தான் இன்றைய பகை: அவற்றின் மலிவான மின்சுற்றுகளும் மின்னேற்றிகளும் 18 ஆண்டுகளுக்குமுன் நான் அறியாத ஓர் இரைச்சலை அலைவரிசை முழுவதும் பரப்பியிருக்கின்றன.

பட்டையும் மாறிவிட்டிருந்தது. 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோசஃப் டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 என்ற முறையில் இப்போது ஏராளமானோர் இயங்குகிறார்கள். செவிக்கே எட்டாத சமிக்ஞைகளைக் கணினி 15 நொடிச் சுற்றுகளில் பிரித்தெடுக்கிறது. மிகச் சிறந்த பொறியியல், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் இரு கணினிகள் அழைப்புக்குறியும் சமிக்ஞை வலிமையும் பரிமாறிக்கொள்கின்றன. அம்மா நலமா என்று கேட்க அங்கே இடமில்லை. மோர்ஸையும் கணினியே படித்துவிடுமே என்பவர்களுக்கு: இயந்திரம் அனுப்பிய மோர்ஸை அது நன்றாகவே படிக்கும். கப்பலில் பழகிய ஒரு முதியவரின் கை, அலை ஏறியிறங்கும் காலையில், அதற்குப் பெரும்பாலும் பிடிபடுவதில்லை.

கை என்றேன். ஒவ்வொருவர் மோர்ஸுக்கும் ஒரு கைப்பாணி உண்டு. போர்க்காலத்தில் எதிரிப் படையின் நிலையம் இடம்பெயர்ந்தாலும், குறிப்பெயரை மாற்றினாலும், இயக்குநரின் கையைக் கொண்டே ஒட்டுக்கேட்போர் அடையாளம் கண்டனர். ஒரு ஞாயிறு காலை 6.30க்கு 7 மெகாஹெர்ட்ஸில் அழைப்பு ஒன்று கேட்டது. கியூவின் இறுதி டா சற்றே நீண்டு, தயங்கி, விழுந்தது. அழைப்புக்குறி வருவதற்கு முன்பே மாஸ்டாரு என்று அறிந்தேன். எழுத்துகளையே மறந்திருந்த செவி அந்தக் கையை மறக்கவில்லை. எப்பிங்ஹாஸின் அளவையில் இதற்கு இடமுண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிலளித்தேன். நீண்ட மௌனம். பிறகு என் அழைப்புக்குறியும் ஒரு வினாக்குறியும். மீண்டும் அனுப்பினேன். அழைத்தவரின் வேகத்துக்கே பதிலளிப்பது மோர்ஸ் மரபு. இருபதுக்குமேல் ஓடக்கூடியவர், நான் கேட்காமலே என் பன்னிரண்டுக்கு இறங்கிவந்தார். சமிக்ஞை அறிக்கை, ஊர், வானிலை என்று வழக்கமானவை முடிந்தன. பிறகு அம்மா எப்படியிருக்கிறாள் என்று கேட்டார்.

இங்கே மோர்ஸின் நாகரிகம் பற்றி ஒரு சொல். அதில் நீயும் நீங்களும் இல்லை. 'யூ' என்ற ஒற்றை எழுத்து, டி-டி-டா, எல்லோருக்கும். ஆண் எவராயினும் 'ஓ.எம்.', அதாவது முதியவர். பெண் எவளாயினும் 'ஒய்.எல்.', இளம்பெண். நாற்பதை எட்டிய நான் அங்கே இன்றும் ஒய்.எல்.தான். பதினேழு வயதில் மாஸ்டாருவை ஓ.எம். என்று விளிக்கக் கை எழாமல், எம்.எஸ்.டி.ஆர். என்று நானே ஒரு சுருக்கம் செய்துகொண்டேன். அதையே இப்போதும் அனுப்பினேன். வருத்தம் தெரிவிக்கவும் வழக்கமான சுருக்கம் 'எஸ்.ஆர்.ஐ.' ஒன்றே. இரைச்சலால் ஓர் எழுத்து தவறினாலும் அதுதான், இழவுச் செய்திக்கும் அதுதான்.

அம்மா 2019இல் மறைந்ததை அவர் அறிந்திருக்கவில்லை. ஏழெட்டுச் சொற்களில் அனுப்பினேன். பன்னிரண்டு சொல் வேகத்தில் அது அரை நிமிடத்துக்கும் மேலாகிறது; ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கையைவிட்டுப் போவதைக் கேட்டுக்கொண்டே அனுப்ப வேண்டும். தொலைபேசியில் பலருக்கு ஒரே மூச்சில் சொல்லிக் கடந்த செய்தி அது. மறுமுனையில் இரைச்சல் மட்டும். பிறகு டி-டா, டா-டா, டா-டா, டி-டா. அம்மா என்பது தெலுங்கிலும் அம்மாதான். அதன்பின் 'காஃபி' என்று எழுத்தெழுத்தாக வந்தது, அதன்பின் 'எஃப்.பி.': மிகச் சிறப்பு என்பதற்கு வானொலியாளர் வழங்கும் சுருக்கம். வகுப்பு நாள்களில் அம்மா அவருக்கு வடிகட்டிய காப்பி கொடுப்பாள். தொடர்ந்து அவர் அனுப்பியதில் பாதியை நான் வாங்கவில்லை, அலையும் தாழ்ந்திருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் சந்திக்கிறோம். என் வேகம் 16 ஆகியிருக்கிறது. எச்-உம் 5-உம் அழைப்புக்குறிகளில் இன்னும் இடறுகின்றன. சொற்களுக்கிடையே ஏழு அலகு விடாமல் நான் அவசரப்படுவதாகச் சென்ற வாரம் கண்டித்தார்; 'ஸ்பேஸ்' என்ற சொல்லை இருமுறை, மிகுந்த இடைவெளி விட்டு அனுப்பினார்.

வளாகத்தில் கற்க விரும்பும் மாணவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரலாம். பயிற்சி ஆஸிலேட்டருக்கு உரிமம் தேவையில்லை. இரண்டு கீ வைத்திருக்கிறேன். புள்ளி, கோடு அச்சிட்ட அட்டவணையை மட்டும் கொண்டுவர வேண்டாம்.